வலங்கைமான் மதகில் ஒரு விநாடியை அளக்கப் போனேன்

ஜூலை இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. முப்பது மீட்டர் அளவு நாடா ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு திருச்சியிலிருந்து வலங்கைமானுக்குக் கிளம்பினேன். ஏறக்குறைய அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அங்கே ஒரு மதகுச் சுவரிலிருந்து ஆற்றில் குதித்திருக்கிறார். அவர் தண்ணீரைத் தொட எத்தனை நேரம் ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சிரிக்கக்கூட இல்லை. "மத்தியானச் சாப்பாட்டுக்கு வரமாட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

பழைய படச்சுருள்களைக் கணினிக் கோப்பாக மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. கல்யாணச் சுருள், கோயில் கும்பாபிஷேகச் சுருள், வெளிநாட்டு மாமா எடுத்த சுருள் எல்லாம் வரும். மே மாதம் ராஜேஸ்வரி டீச்சர் ஒரு தகர டப்பாவோடு வந்தார். தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் இருக்கிறார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. டப்பாவின் மேல் மசியில் 'நடவு' என்று எழுதியிருந்தது. உள்ளே சின்ன எட்டு எம்.எம். சுருள்.

வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் அவருடைய அம்மா அஞ்சலை, மிராசுதார் வீட்டு வயலில் நடவுக்குப் போனவர். அந்த மிராசுதார் கேமரா வைத்திருந்தார். சில வருஷம் முன்பு அந்தக் குடும்பம் வீட்டை விற்றபோது, "உங்க தெரு ஆளுங்க இதுல இருக்காங்க" என்று டப்பாவை டீச்சரின் தம்பியிடம் கொடுத்துவிட்டார்கள். டீச்சருக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா இறந்துவிட்டார். அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. இந்தச் சுருளில் மட்டும், தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் நடந்து வருகிறார்.

தம்பி அதை ஏதோ ஒரு கடையில் கொடுத்து மாற்றி, தன் மகள் கல்யாண வரவேற்பில் பெரிய திரையில் போட்டிருக்கிறார். அம்மா தத்தித் தத்தி ஓடி வந்தாராம். தலை வெடுக்கு வெடுக்கென்று திரும்பியதாம். மண்டபமே சிரித்தது.

"நானும் சிரிச்சிட்டேன் தம்பி," என்றார் டீச்சர். "எங்கம்மாவைப் பார்த்து நானே சிரிச்சிட்டேன். அதான் தாங்க முடியல."

அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் சுருள் இருக்கலாம், அதனால் விளக்கிவிடுகிறேன். சுருள் என்பது வரிசையாக ஒட்டிய சின்னச் சின்னப் படங்கள், அவ்வளவுதான். நாம் ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்கிறோம். விநாடிக்கு எத்தனை படம் ஓட வேண்டும் என்பது சுருளில் எங்கேயும் எழுதியிருக்காது, எடுத்தவர் கேமராவை எப்படி வைத்தாரோ அதுதான் கணக்கு. சினிமா விநாடிக்கு 24 படம். வீட்டுக் கேமராக்கள் பெரும்பாலும் 16. பதினாறில் எடுத்ததை இருபத்து நான்கில் ஓட்டினால் மனிதர்கள் பொம்மைகளாகிவிடுவார்கள். "பழைய படம்னாலே அப்படித்தான் சார் ஓடும்" என்று சொல்லும் ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் யாரும் அப்படி ஓடவில்லை.

டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். "ரெண்டு மூணு வேகத்துல போட்டுக் காட்டி, எது வேணும்னு என்கிட்ட கேக்காதீங்க. என் ஞாபகத்தையும் கேக்காதீங்க. கேட்டா அதுக்குத் தோதா பண்ணிடுவீங்க. எது நெசமோ அதை ஒரே ஒரு தடவ காட்டுங்க."

முப்பத்து நான்கு வருஷம் விடைத்தாள் திருத்தியவர் அல்லவா.

பதினாறில் ஓட்டிப் பார்த்தேன். இன்னும் துறுதுறுப்பு இருந்தது. மிராசுதாரின் மகன் இப்போது பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரம் செய்கிறார். அவரைப் போனில் பிடித்தேன். "எங்கப்பா கேமராவுல வேகத்தை மாத்துற திருகு ஒண்ணு இருக்கும் சார். கொறச்சு வச்சா சுருள் மிச்சமாவும்னு கொறச்சு வைப்பாரு. எவ்வளவு கொறச்சாருன்னு கேக்காதீங்க, கேமராவே எங்கன்னு தெரியல," என்றார். காவேரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிப் பழகிய கை, படச்சுருளையும் அப்படியே பாய்ச்சியிருக்கிறது. அந்த மாதிரித் திருகில் பதினாறுக்குக் கீழே இரண்டே நிலைதான். ஆக, எட்டாகவும் இருக்கலாம், பன்னிரண்டாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் குதிக்கிறவரைக் கவனித்தேன். கேமராவுக்குச் சாவி கொடுத்து ஒரே மூச்சில் எடுத்த காட்சி அது, மொத்தம் 480 படம். முதலில் மதகு. சுவர் மேல் ஒரு வாலிபர் நிற்கிறார். எம்பாமல், படியில் இறங்குவதுபோல் காலை எடுத்து வைத்து விழுகிறார். பிறகு கேமரா அப்படியே வயல் பக்கம் திரும்புகிறது. நடவு ஆட்கள், அப்புறம் வரப்பில் அஞ்சலை. சுவரை விட்டுக் கால் பிரிவதற்கும் தண்ணீர் தெறிப்பதற்கும் நடுவே சரியாகப் பத்துப் படம். மதகில் பதித்த அளவுக்கல்லில் தண்ணீர் ஐந்தாவது கோட்டைத் தொட்டு நிற்பதும் தெரிகிறது. சுவரின் உயரம் தெரிந்தால் விழுந்த நேரம் தெரியும், நேரம் தெரிந்தால் வேகம் தெரியும். எந்த மிராசுதாராலும் புவியீர்ப்பைக் குறைத்து வைக்க முடியாது.

காலை 6.10க்குத் திருச்சியில் பஸ். தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துக்கு 7.35, டிக்கெட் 45 ரூபாய். இரண்டு இட்லி, ஒரு பொங்கல், காபி சேர்த்து 90 ரூபாய். அங்கிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர், 35 ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், காலை வெயில் அந்தப் பக்கம்தான் கொளுத்தியது. பாபநாசம் தாண்டியதும் இரண்டு பக்கமும் குறுவை நடவு. சேறாக்கிய வயல், நடவு இயந்திரம், நட்டு ஒரு வாரமான வயலின் இளம்பச்சை, மறுபடி சேறு. கும்பகோணத்தில் டவுன் பஸ் பிடித்து வலங்கைமான் போய்ச் சேர 9.50. பத்துக் கிலோமீட்டர்தான். பெண்களுக்கு இலவசம், எனக்குப் பத்து ரூபாய்.

வலங்கைமானிலிருந்து மதகு நாலு கிலோமீட்டர். செந்தில் என்பவரின் ஆட்டோ, காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட 350 ரூபாய் என்று பேசினேன். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நாடாவை அவர் பார்த்துவிட்டார்.

"யாரு நெலத்தண்ணே அளக்கப் போறீங்க?"

"நிலம் இல்லீங்க. மதகு."

"மதகா? அதுக்குப் பட்டா கிடையாதே?"

டெல்டாவில் அளவு நாடாவோடு ஒரு வேற்று ஆள் வந்தால் அது நிலத் தகராறுதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மதகில் நாடாவைப் பிரித்த பத்தாவது நிமிடம் சைக்கிளில் போன இருவர் இறங்கிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் தன் வயலின் சர்வே நம்பரைச் சொல்லி, அதில் ஏதும் கை வைத்தால் சும்மா விடமாட்டேன் என்றார். செந்தில்தான் என் சார்பில் எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். என்ன சொன்னாரோ, அதற்கப்புறம் என்னை எல்லாரும் ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார்கள்.

குடமுருட்டியில் தண்ணீர் சுமாராகத்தான் போனது. அளவுக்கல்லில் மூன்றாவது கோடு. நல்லதாகப் போயிற்று, ஐந்தாவது கோடு வெளியே தெரிந்தது. நாடாவின் நுனியில் பூட்டு ஒன்றைக் கட்டிச் சுவர் மேலிருந்து இறக்கினேன். பதினான்கு அடி. போனிலேயே கணக்குப் போட்டேன். பதினான்கு அடி விழ 0.93 விநாடி. பத்துப் படத்தை அதால் வகுத்தால் பத்தே முக்கால். எட்டும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. மறுபடி அளந்தேன். அதே பதினான்கு. இதற்கா இரண்டு மாதம் யோசித்தோம் என்று எரிச்சலாக வந்தது.

மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியர், லஸ்கர் குமார் அப்போதுதான் டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். அனுமதி கேட்காமல் அளந்தது என் தப்பு, அதை முதலில் ஒத்துக்கொண்டேன். படத்தைப் போனில் காட்டினேன். அவர் வெயிலுக்குக் கையை மறைத்து வைத்துப் பார்த்தார்.

"இது பழைய சுவருல்ல சார்? மேல இருக்கிறது அப்புறம் ஏத்துனது. ஒரு பைக்கு உள்ள விழுந்துச்சுன்னு மூணு அடி சிமெண்ட்ல ஏத்துனாங்க. பெயிண்ட் அடிச்சதுல உங்களுக்குத் தெரியல. இங்க வந்து கீழ பாருங்க, செங்கல்லு தெரியுதா?"

தெரிந்தது. குனிந்து எட்டிப் பார்த்தால் மஞ்சள் பெயிண்டுக்குக் கீழே ஒரு கோடு, அதற்குக் கீழ் செங்கல் வரிசை. கோட்டிலிருந்து ஐந்தாவது அளவு வரை பதினோரு அடி. விழும் நேரம் 0.83 விநாடி. பத்தை அதால் வகுத்தால் பன்னிரண்டு. சந்தோஷத்தில் குமாரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் வாட்டர் கேன் தண்ணீர் கொடுத்து, "நெழலுக்கு வாங்க சார்" என்றார்.

இத்தோடு திரும்பியிருந்தால் கதை சுலபம். குமார்தான் சொன்னார், நடவு ஆட்கள் இருந்த தெருவில் பாக்கியம் என்று ஒருவர் இருக்கிறார், அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் நடவுக்குப் போனவர் என்று. தேடிப் போனேன். எழுபத்தெட்டு வயது. பேரன் வாங்கிக் கொடுத்த கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கவில்லை.

"அஞ்சலக்காவா? தெரியாம என்ன. நான் அப்பத்தான் நடவுக்குப் போவ ஆரம்பிச்சேன். அவங்க நடந்தா நாங்கல்லாம் பின்னாடி ஓடணும். நாத்துக்கட்டத் தூக்கிட்டுப் போனாங்கன்னா காத்து மாதிரி போவாங்க."

"மெதுவா நடந்து பார்த்திருக்கீங்களா?"

"அவங்களா? நல்லா கேட்டீங்க போங்க."

பன்னிரண்டில் ஓட்டினால் அஞ்சலை மெதுவாக நடக்கிறார். ரொம்பவே மெதுவாக. நேரில் பார்த்தவர் காற்று மாதிரி என்கிறார். ஒரே ஒரு படம் பிசகினாலும் கணக்கு ஒன்று கூடும், குறையும். பத்து என்று நான் எண்ணியது பதினொன்றோ? சுவரில் குதித்தவர் நின்ற இடம் வேறோ? தப்பான வேகத்தில் ஒரு தடவை காட்டியதால்தானே டீச்சர் அழுதுகொண்டு வந்தார். ஒரே தடவைதான் பார்ப்பேன் என்கிறவரிடம் இன்னொரு தப்பான அம்மாவைக் காட்டிவிட்டால்?

திரும்பும் வழியில் ஒரு வயலில் இயந்திரம் இறங்காத மூலையில் ஐந்து பெண்கள் கையால் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். கேட்டுக்கொண்டு வரப்பில் நின்று, ஒருவரின் கையை மட்டும் போன் கடிகாரத்தில் எண்ணினேன். பத்து விநாடியில் பதிமூன்று முறை சேற்றுக்குள் போனது. இன்னொருவர் பன்னிரண்டு. "எண்ணிக்கிட்டே நிக்கிறதுக்கு எறங்கி ஒரு முடி நடலாம்ல?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். நியாயமான கேள்வி. செருப்பைக் கழற்றி இறங்கி ஒரு முடி, அதாவது ஒரு சின்னக் கட்டு, நாற்றை நட்டேன். அது நின்ற லட்சணத்தைப் பார்த்து அந்த அம்மாவே பிடுங்கி மறுபடி நட்டார்.

கும்பகோணத்தில் சாப்பாடு 110 ரூபாய். அறை 900, சுத்தமாக இருந்தது. நாலு மணிக்குக் கோயில் திறந்ததும் தாராசுரம் போனேன், டவுன் பஸ்ஸில் பத்தே நிமிடம். வெயில் தாழ்ந்தபோது அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். சிற்பங்களை இந்தத் தடவை சரியாகப் பார்க்கவில்லை, அதற்கு நீங்கள் தனியாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் நடவுப் பெண்களை மட்டும் ஓட்டினேன். அஞ்சலை வருவதற்கு முந்தைய 120 படங்களில் முன்னால் நிற்பவரின் கை பதிமூன்று முறை சேற்றில் இறங்குகிறது. பன்னிரண்டில் ஓட்டினால் பத்து விநாடி. காலையில் வயலில் பார்த்த அதே கை. பதினாறில் ஓட்டினால் ஏழரை விநாடி. அப்படி நட இயந்திரத்தால்தான் முடியும்.

சுவரும் பன்னிரண்டு என்கிறது, சேறும் பன்னிரண்டு என்கிறது. பாக்கியம் அம்மா பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அப்படியிருக்க அஞ்சலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் டீச்சர் கேட்டது எது நிஜம் என்றுதான், ஏன் என்று அல்ல. அறைக்குப் போய்ப் பன்னிரண்டிலேயே கோப்பைத் தயார் செய்தேன். கடையில் மாற்றியதில் அஞ்சலை திரையில் இருந்தது பதினோரு விநாடி. இதில் இருபத்திரண்டு.

மறுநாள் காலை 10.30க்கு டீச்சர் வீடு. காபி கொடுத்தார். டிவியில் பென் டிரைவைச் செருகினேன். அவர் சோபாவில் உட்காரவில்லை, சாப்பாட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு நேர் எதிரில் உட்கார்ந்தார்.

வாலிபர் குதித்தார். தண்ணீர் தெறித்தது. கேமரா திரும்பியது. நடவு ஆட்களைத் தாண்டி வரப்பில் அஞ்சலை வந்தார். நாலு எட்டு வைத்து நின்று, நாற்றுக்கட்டைப் பிடித்தபடி பின்னால் திரும்பிக் கீழே பார்க்கிறார். மறுபடி மூன்று எட்டு. மறுபடி திரும்பிப் பார்க்கிறார். கல்யாண மண்டபம் சிரித்தது இதற்குத்தான். கட்டைப் பிடிக்காத இடது கை பின்பக்கம் நீள்கிறது, விரல்கள் இரண்டு முறை மடங்கி விரிகின்றன. அத்தோடு படம் முடிந்துவிடுகிறது. பின்னால் யார் என்று தெரியவில்லை, மிராசுதாரின் கேமரா அதற்குமேல் திரும்பவில்லை.

டீச்சர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாகிவிட்டதோ என்று பயந்தேன். பாக்கியம் அம்மா சொன்னதை மறைக்கக் கூடாது என்று தோன்றியது. "டீச்சர், ஒருத்தங்க உங்கம்மா ரொம்ப வேகமா நடப்பாங்கன்னு சொன்னாங்க. ஆனா கணக்கு இப்படித்தான் வருது," என்றேன்.

"வேகமாத்தான் நடப்பாங்களா?" என்றார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குத் தெரியாது தம்பி. என்கூட வரும்போது இப்படித்தான் நடப்பாங்க. நான் வரப்புல வழுக்கி வழுக்கி விழுவேன். நின்னு நின்னு கூட்டிட்டுப் போவாங்க."

அப்புறம் அழுதார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

உங்கள் வீட்டிலும் சுருள் இருந்தால் சில விஷயங்களை மனதில் வையுங்கள். ஸ்கேன் செய்கிறவரிடம் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வேகம் தப்பென்றால் பிறகு மாற்றலாம். பதினாறுதான், பதினெட்டுதான் என்று அடித்துப் பேசுகிறவரிடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். படத்துக்குள்ளேயே தேடுங்கள். கடிகார முள், ஊஞ்சல், மேலே எறிந்த பந்து, ஏதாவது ஒன்று சாட்சி சொல்லும். பன்னிரண்டு என்றால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டினால் இருபத்து நான்காகிவிடும், அழகாகப் பொருந்தும். இயக்கம் வழுவழுப்பாக இருக்கட்டும் என்று நடுவே இல்லாத படங்களை மென்பொருளைக் கொண்டு வரையச் சொல்லாதீர்கள். அந்த விரல்களை அது தன்னிஷ்டத்துக்கு மடக்கிவிடும்.

மதகுக்குப் போகிறவர்கள் லஸ்கரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். குறுவைக்குத் தண்ணீர் திறந்த பிறகு, ஜூலை காலைகள் நல்லது. தொப்பி, தண்ணீர் அவசியம். மூன்று வேளைச் சாப்பாடு, அறை எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டு நாளில் 1,900 ரூபாய்க்குள் முடிந்தது. அளவு நாடாவைப் பைக்குள் மறைத்துக் கொண்டுபோங்கள்.

கிளம்பும்போது கோப்புக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று டீச்சரிடம் கேட்டேன். டப்பாவில் இருக்கிறபடி 'நடவு' என்றே வைத்திருந்தேன்.

"அஞ்சலைன்னு போடுங்க," என்றார். நான் தட்டச்சு செய்து முடித்தபோது தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"பக்கத்துல ராஜேஸ்வரின்னும் போடுங்க தம்பி. பின்னாடி நானும் வர்றேன்ல."